இரட்டை நீதியை அளக்க முயன்ற அளவுகோல்கள்

1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழக மாணவர்கள் நூற்றுக்கணக்கானோரிடம் ஒரு வினாப்பட்டியல் போய்ச் சேர்ந்தது. சமூகவியல் பேராசிரியர் ஹார்மன் டிகிராஃப் நடத்திய குடும்பவியல் வகுப்பின் மாணவர் ஓ. ஹோபர்ட் மௌரர் அதன் பின்னணியில் இருந்தார். உளவியல் பேராசிரியர் மாக்ஸ் மேயரிடம் அவர் உதவியாளராகவும் பணிபுரிந்தார். மேயர் வரைவைப் பார்த்துத் தடை சொல்லவில்லை. அனுப்புவதற்கு உறைகளையும் கொடுத்தார். திருமணமின்றிச் சேர்ந்து வாழ்தல், பெண்ணின் பொருளாதாரச் சுதந்திரம், திருமணத்துக்குப் புறம்பான உறவு ஆகியவை பற்றிய கேள்விகள் அதில் இருந்தன. மறுபாலைச் சேர்ந்த ஒருவருக்கு முன்னமே பாலுறவு அனுபவம் உண்டு என்று தெரியவந்தால் அவர்மீதான மதிப்புக் குறையுமா, அத்தகையவரை மணக்கச் சம்மதமா என்னும் கேள்விகளும் இருந்தன. ஆணிடம் பெண்ணைப் பற்றியும் பெண்ணிடம் ஆணைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே சொற்களில் கேட்கப்பட்ட இக்கேள்விகளில்தான், பின்னாளில் ஒரு தனித் துறையாக வளர்ந்த ஆய்வின் முளை இருக்கிறது.

ஊர் கொதித்தது. நகரப் பிரமுகர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். பெண் மாணவியரிடம் போய் இப்படிக் கேட்பதா என்பதே கண்டனங்களுள் ஓங்கி ஒலித்த குரல். ஆண் மாணவர்களுக்கும் அதே வினாக்கள் சென்றிருந்தன என்பது அவ்வளவாக எவரையும் உறுத்தவில்லை. விடைத்தாள்களை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, எந்த இரட்டை நீதியை அந்த வினாப்பட்டியல் தேடியதோ அதை ஊரே ஒருமித்து விடையாக எழுதிக் கொடுத்துவிட்டது எனலாம். டிகிராஃப் பதவி நீக்கப்பட்டார். 1900 முதல் அங்கே பணியாற்றி வந்த மேயர் ஊதியமின்றி ஓராண்டு இடைநிறுத்தம் செய்யப்பட்டார். அவரது மிசௌரிப் பணி நடைமுறையில் அத்துடன் முடிந்தது. மௌரர் உதவியாளர் வேலையை இழந்தார். கால் நூற்றாண்டு கழித்து 1954இல் அதே மௌரர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். மனப்பாங்கை அளக்க முடியும் என்று சிகாகோவில் லூயி தர்ஸ்டன் வாதிட்ட புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1928இல். ரென்சிஸ் லிக்கர்ட்டின் ஒப்புதல் அளவை வந்தது 1932இல். இன்று எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் காணப்படும் ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான படிகள் அங்கிருந்து வந்தவை. மிசௌரி நிகழ்வு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கருவி முழுதாக உருவாகும் முன்பே அதைக் கையாண்டவர்களுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது.

இந்தியாவில் இதற்கு இணையான நிகழ்வுகள் அதே பத்தாண்டில் நடந்தன. பம்பாய் வில்சன் கல்லூரியில் கணிதம் கற்பித்த ர. தோ. கார்வே, குடும்பக் கட்டுப்பாட்டை வெளிப்படையாக ஆதரித்ததன் விளைவாக 1925இல் அப்பணியை விட்டார். 1927இல் சமாஜ் ஸ்வாஸ்த்ய என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். வாசகர்களின் பாலியல் ஐயங்களுக்கு அவர் எழுதிய விடைகள் ஆபாசம் என்று வழக்குத் தொடரப்பட்டபோது, 1934இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. கேள்வி கேட்பவருக்கும் விடை சொல்பவருக்கும் இருந்த இந்த அச்சத்தை விட்டுவிட்டு மனப்பாங்கு அளவைகளின் வரலாற்றை வெறும் புள்ளியியல் வரலாறாக எழுத இயலாது.

ஆல்ஃபிரட் கின்ஸியின் இரு பெருநூல்களைப் பலரும் இத்துறையின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். அது ஓரளவே பொருந்தும். குளவியினங்களை வகைப்படுத்தி வந்த அந்த விலங்கியலாளர், 1938இல் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் திருமணம் பற்றிய பாடத்தை நடத்தத் தொடங்கியபோதுதான் இப்பக்கம் திரும்பினார். 1948இல் ஆண்களைப் பற்றிய நூலும் 1953இல் பெண்களைப் பற்றிய நூலும் வந்தன. முதல் நூல் பரபரப்பாக விற்றது. இரண்டாம் நூலுக்குப் பின் அரசியல் எதிர்ப்பு முற்றி, 1954இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதி நின்றது. ஆயினும் கின்ஸி எண்ணியது செயல்களை. ஒருவர் என்ன செய்தார் என்பது அவருடைய கேள்வி. அதையே வேறொருவர் செய்தால் எப்படித் தீர்ப்பிடுவார் என்பது அவர் கேள்வியன்று.

அந்தக் கேள்வியைச் சமூகவியலுக்குள் கொண்டுவந்தவர் ஐரா ரீஸ். திருமணத்துக்கு முந்தைய உறவில் இரட்டை நீதி என்பது புறக்கணிக்கப்பட்ட கருத்தாக்கம் என்று 1956இல் அவர் எழுதினார். அவருடைய வாதத்தில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஆணுக்கு அனுமதி உண்டு, பெண்ணுக்கு இல்லை என்று ஒரு சமூகம் சொல்லுமானால் அந்த ஆண் யாருடன் உறவு கொள்வான்? அந்த நெறி செயல்பட வேண்டுமெனில் ஒழுக்கமற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களின் ஒரு தொகுதியை அதே நெறி உற்பத்தி செய்தாக வேண்டும். ஆகவே இரட்டை நீதி பெண்ணை ஆணிடமிருந்து மட்டும் பிரிப்பதில்லை; பெண்களையே இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கூர்மையான கருத்து பிற்காலத்து அளவைகள் பலவற்றில் தொலைந்துபோனது என்பதுதான் இத்துறையின் பெரிய இழப்பு.

ரீஸ் 1964இல் வெளியிட்ட அளவை இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. முத்தம், உடல் தழுவல், முழுமையான உறவு என மூன்று செயல்கள். நிச்சயமானவர், காதலிப்பவர், ஆழ்ந்த அன்புடையவர், அன்பற்றவர் என நான்கு உறவுநிலைகள். இரண்டையும் பெருக்கினால் பன்னிரண்டு கூற்றுகள். அவற்றை ஒருமுறை ஆணுக்கென்றும் மறுமுறை பெண்ணுக்கென்றும் கேட்டார். குட்மன் முறைப்படி அமைந்த அளவை அது: கடினமான படியை ஏற்பவர் எளிய படிகளையும் ஏற்றிருப்பார் என்னும் ஏணி. ஒருவர் ஆணுக்கான ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார், பெண்ணுக்கான ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியே இரட்டை நீதி.

இங்கே நடந்த நுட்பமான மாற்றத்தைப் பின்னர் வந்தவர்கள் பெரும்பாலும் பழக்கத்தால் கவனிக்கவில்லை. இரட்டை நீதி நேராகக் கேட்கப்படும் பொருளாக இல்லாமல் கழித்தலில் கிடைக்கும் மீதியாயிற்று. மீதி பூஜ்யமானால் இரட்டை நீதி இல்லை என்று பொருள். இருபாலாரையும் ஒருசேரக் கண்டிக்கும் வைதிகரும், இருபாலாரையும் ஒருசேர அனுமதிக்கும் தாராளரும் அந்தக் கணக்கில் ஒரே எண்ணைப் பெறுவார்கள். ரீஸ் இவர்களை வேறுபடுத்தியே வைத்திருந்தார். புலனடக்கம், இரட்டை நீதி, அன்புடன் அனுமதி, அன்பின்றியும் அனுமதி என நான்கு நெறிகளை அவர் வகுத்தார். அவருக்குப் பின் வந்த பலருக்கு மீதி எண் மட்டுமே போதுமானதாக இருந்தது.

அந்த எண் 1960, 70களில் சுருங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1965 முதல் 1985 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாணவர்களிடம் ஒரே வினாக்களைக் கேட்டு வந்தனர் ஐரா ராபின்சனும் அவருடன் பணிபுரிந்தவர்களும். பெண்களின் மனப்பாங்கு ஆண்களின் மனப்பாங்கை நோக்கி விரைந்து நகர்ந்தது. ஆனால் 1980ஆம் ஆண்டுச் சுற்றில் ஒரு முரண் தென்பட்டது: பலருடன் உறவு கொள்வதை ஒழுக்கக்கேடு என்று சொல்வோர் மீண்டும் கூடினர், ஒவ்வொரு பாலாரும் தமக்கு வேண்டிய நெகிழ்வை மறுபாலுக்குத் தர மறுத்தனர். இருந்தும் ‘இரட்டை நீதி மறைந்துவிட்டதா?’ என்று தலைப்பிட்டு ஆய்வு செய்யும் அளவுக்கு அது மறைந்துவிட்டது என்னும் நம்பிக்கை வலுத்திருந்தது. 1987இல் அத்தலைப்பில் எழுதிய சூசன் ஸ்ப்ரெச்சர், கேத்லீன் மக்கின்னி, டெரி ஓர்பக் மூவரும் கூற்றுகளை விட்டுவிட்டுச் சோதனை முறைக்கு மாறினர். முதல் உறவு பற்றிய ஒரு குறிப்பு மாணவர்களுக்குத் தரப்பட்டது. அதில் வரும் நபரின் பால், வயது, உறவின் தன்மை ஆகியவை மட்டும் மாறும். ஒவ்வொரு மாணவரும் ஒரு வடிவத்தை மட்டுமே படிப்பதால் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. வயது பதினாறு என்றோ, சாதாரணப் பழக்கத்தில் நடந்தது என்றோ இருந்தபோது பெண்ணுக்கே கடுமையான மதிப்பீடு கிடைத்தது. மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டது சூழல்களுக்குள் ஒதுங்கியிருந்தது.

1980களின் பிற்பகுதியில் இந்த ஆய்வுகளுக்குப் புதிய அவசரம் வந்தது, காரணம் எய்ட்ஸ். சார்லின் மூலன்ஹார்டும் டெப்ரா குவாக்கன்புஷும் உருவாக்கிய இருபத்தாறு கூற்றுகள் கொண்ட இரட்டை நீதி அளவை, பெண்கள் ஆணுறையைக் கோருவதற்குத் தயங்குவது ஏன் என்னும் கேள்வியோடு சேர்ந்து பிறந்தது. சாண்ட்ரா கேரனும் பிறரும் 1993இல் முதலாண்டு மாணவர்களிடம் பயன்படுத்திய பத்துக் கூற்று அளவையும் ஆணுறைப் பழக்கம் பற்றிய ஆய்வில்தான் தோன்றியது. பையில் ஆணுறை வைத்திருக்கும் பெண் ‘எதற்கும் தயாரானவள்’ என்று எண்ணப்படுவாள் என்றால், அந்த எண்ணம் உயிரோடு விளையாடும் எண்ணம். இங்கே மனப்பாங்கு என்பது ஆய்வேட்டுக்கான மாறி என்ற நிலையைக் கடந்து, நோய் பரவும் வழிகளுள் ஒன்றாகிறது. கணவன் என்ன நினைப்பானோ என்று அஞ்சி வாய் திறக்காத மனைவியரை இந்திய மருத்துவமனைகள் அந்தப் பத்தாண்டில் நிறையவே கண்டன.

மூலன்ஹார்ட் அளவையின் மதிப்பெண் +48 முதல் −30 வரை செல்லும். நேர்மறை எண், மரபான இரட்டை நீதி. பூஜ்யம், ஒரே நீதி. எதிர்மறை எண், பெண்ணுக்கே கூடுதல் சுதந்திரம் என்னும் தலைகீழ் இரட்டை நீதி. இருபது கூற்றுகள் இணைகளாக வரும். ஆணைப் பற்றிய கூற்றும் அதே சொற்களில் பெண்ணைப் பற்றிய கூற்றும் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு இந்த உத்தியைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகும்? சமத்துவமானவராகத் தோன்ற விரும்புபவர் இரண்டு கூற்றுகளுக்கும் ஒரே விடையைக் குறித்துவிட்டுப் போய்விடுவார்.

ஐயம் ஆதாரமற்றதன்று. ராபின் மில்ஹவுசனும் எட்வர்ட் ஹெரால்டும் 1999இல் கனடாவில் பல்கலைக்கழகப் பெண்களிடம் கேட்டபோது, சமூகத்தில் இரட்டை நீதி இருக்கிறது என்று பெரும்பாலோர் உறுதியாகச் சொன்னார்கள். தங்களுக்கு அது உடன்பாடில்லை என்றும் சொன்னார்கள். எல்லோரும் கண்ட ஒன்றை எவரும் செய்யவில்லை. மேரி கிராஃபோர்டும் டேனியல் பாப்பும் 2003இல் இருபதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து விமரிசித்தபோது இதே பிளவு முறையியல் பிளவாகவும் தெரிந்தது: நேர்காணலும் களப்பணியும் செய்தவர்கள் திரும்பத் திரும்ப இரட்டை நீதியைக் கண்டார்கள், எண்ணியவர்களுக்குக் கைக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. எண்ணப்பட்டவர்களோ பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையின மாணவர்கள்.

மைக்கேல் மார்க்ஸும் கிறிஸ் ஃபிராலியும் 2005இல் நேரெதிர் முடிவுக்கு வந்தனர். உறவுத் துணைகளின் எண்ணிக்கை கூடக்கூட மதிப்பு குறைகிறது; ஆனால் அக்குறைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மறு ஆண்டில் அவர்களே இதற்கொரு விளக்கம் கண்டார்கள். ஒருவரைப் பற்றிய புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் சம அளவில் கலந்து கொடுத்தால், படித்தவர்களுக்குப் பின்னர் நினைவில் நிற்பது இரட்டை நீதிக்கு ஒத்துவரும் பகுதியே. அதாவது நம்பிக்கையே சாட்சியத்தைத் தேர்ந்தெடுக்கிறது. இதைக் கொண்டு இரட்டை நீதி ஒரு மாயை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஒரு பெண்ணைப் பற்றிய இகழ்ச்சி மட்டும் ஊரார் நினைவில் தங்கும் என்றால் அப்பெண்ணுக்கு அது மாயையாக இராது. 2008இல் மார்க்ஸ் செய்த மற்றொரு சோதனை இதற்கு வலுச்சேர்க்கிறது: மதிப்பிடும்போதே வேறொரு வேலையிலும் கவனம் செலுத்த வைத்தால், நிதானமாக விடையளிக்கும்போது காணப்படாத இரட்டை நீதி வெளிப்படுகிறது.

இவை அனைத்தினும் அதிகம் பேசுகிற எண்கள் 2003இல் மிஷெல் அலெக்சாண்டரும் டெரி ஃபிஷரும் வெளியிட்டவை. மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு, தங்கள் விடையை ஆய்வு உதவியாளர் பார்க்கக்கூடும் என்ற எண்ணம் ஏற்படுத்தப்பட்டது. இன்னொன்று பெயரிலாமல் தனியறையில் எழுதியது. மூன்றாவது குழு பொய் கண்டறியும் கருவியோடு இணைக்கப்பட்டதாக நம்பியது, கருவி போலி. பெண்கள் சொன்ன துணைகளின் சராசரி எண்ணிக்கை முறையே 2.6, 3.4, 4.4. ஆண்கள் சொன்னது 3.7, 4.2, 4.0. ஆண்களின் எண் பெரிதாக அசையவில்லை. பெண்களின் எண், யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. இரட்டை நீதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே அதன் எடையைக் காட்டும் சோதனை இது.

யோயிஸ் எண்டெண்டைக்கும் பிறரும் 2020இல் 99 ஆய்வுகளை, 1,23,343 பேரின் விடைகளை, ஒன்றுசேர்த்தார்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே மதிப்பிடச் செய்த ஆய்வுகளில் மரபான இரட்டை நீதி சிறிய அளவிலாயினும் தெளிவாக இருந்தது, 0.25 என்பது விளைவின் அளவு. லிக்கர்ட் பாணிக் கூற்றுகளைக் கொண்ட வினாப்பட்டியல்களில் அது இல்லை; சராசரி பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. நாட்டின் பாலினச் சமத்துவ நிலையைப் பொறுத்தும் முடிவுகள் மாறின. பல்கலைக்கழகங்களில் அதிகம் கையாளப்படும் கருவியே தேடும் பொருளைக் காண்பதில் மிகவும் பலவீனமானது என்று இதற்குப் பொருள்.

இந்தியாவுக்கு வரும்போது, ரீஸின் 1956ஆம் ஆண்டுக் கணக்கு திரும்ப வருகிறது. லீனா ஆபிரகாமும் அனில் குமாரும் மும்பையின் குறைந்த வருவாய்ப் பிரிவைச் சேர்ந்த கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. எதிர்பாலாருடன் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் அனுபவம் உண்டு என்றோர் ஆண்களில் 47 விழுக்காடு, பெண்களில் 13 விழுக்காடு. முழு உறவு என்றபோது 26க்கு 3. அந்த இருபத்தாறு விழுக்காட்டினர் யாருடன் பழகினார்கள்? ஒரு பகுதி விடை வகுப்பறைக்கு வெளியே, வயதில் மூத்த பெண்களிடமும் பாலியல் தொழிலாளரிடமும் கிடைக்கலாம். மற்றொரு பகுதி, சொல்லாமல் விட்ட பெண்களின் மௌனத்தில் இருக்கலாம். எந்தப் பகுதி எவ்வளவு என்பதை வினாப்பட்டியலால் மட்டும் பிரித்தறிய முடியாது.

லீனா ஆபிரகாம் 2002இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் பல அளவைகளைவிட உதவுகிறது. மாணவர்களே தங்கள் நட்புகளுக்கு வைத்திருந்த மூன்று பெயர்களை அவர் தலைப்பாக்கினார்: ‘பாயி–பெஹன்’, ‘ட்ரூ லவ்’, ‘டைம் பாஸ்’. அண்ணன்–தங்கை என்று பெயரிட்டுக்கொண்டால் பேசலாம், பழகலாம். ஊர் வாய் மூடும். உண்மைக் காதல் திருமணத்தை நோக்கியது. பொழுதுபோக்கு உறவு அப்படியன்று. அதில் அகப்பட்ட பெண்ணின் பெயர் கெடும், பையனின் பெயர் கெடாது. பெண்களை இரண்டாகப் பிரிக்கும் நெறி என்று ரீஸ் சொன்னது, மும்பைக் கல்லூரியில் மாணவர்களின் அன்றாடச் சொல்வழக்காகவே கிடைத்தது.

அயல்நாட்டு அளவைகளை இந்திய மொழிகளில் பெயர்த்துப் பயன்படுத்தும் ஆய்வேடுகள் மொழியின் இந்தத் தடையை எளிதாகக் கடந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றன. இணைக்கூற்று முறை செயல்பட வேண்டுமானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் வேண்டும். தமிழில் ‘கன்னி’ என்பதற்கும் ‘வேசி’ என்பதற்கும் ஆண்பால் எங்கே? ‘கற்பு’ என்னும் சொல்லை ஆணுக்குச் சேர்த்து எழுதினால் அது வினாவாக நிற்பதில்லை; ஒரு கட்சியின் வாதமாக ஒலிக்கும். பாரதியும் பெரியாரும் அப்படித்தான் அதைப் பயன்படுத்தினார்கள். நடுநிலையான சொல்லைத் தேடி ‘பலருடன் பாலுறவு கொள்ளும் நபர்’ என்று எழுதினால் வசை போய்விடுகிறது; அளக்க வந்ததே அந்த வசையைத்தான்.

சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் 2006–07இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடத்திய இளைஞர் ஆய்வு வேறொரு வழியை நாடியது. நேர்முகக் கேள்விகள் முடிந்தபின் சிறு அட்டை ஒன்று தரப்படும். திருமணத்துக்கு முந்தைய உறவு உண்டா இல்லையா என்பதை அதில் தாமே குறித்து, உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். கேட்பவர் கண்ணில் விடை படாது. ஓஹையோவின் போலிக் கருவி செய்த வேலையை இங்கே பசையிட்ட உறை செய்ய வேண்டியிருந்தது.

அந்த ஆய்வு தொடங்குவதற்குச் சிறிது முன்னர்தான், 2005 செப்டம்பரில், இந்தியா டுடே இதழ் பெருநகர மக்களின் பாலியல் பழக்கங்கள் குறித்துக் கருத்துக்கணிப்பு வெளியிட்டது. அதையொட்டிக் கருத்துச் சொன்ன நடிகை குஷ்பு, படித்த ஆண் தன் மணமகள் கன்னியாக இருக்க வேண்டுமென எதிர்பார்க்கக் கூடாது என்னும் பொருளிலும், கருத்தரிப்புக்கும் நோய்க்கும் எதிராகப் பெண்கள் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறினார். மூலன்ஹார்ட் அளவையைப் பிறப்பித்த அதே கவலை. அவர்மீது 23 குற்றப் புகார்கள் தொடுக்கப்பட்டன, பெரும்பாலானவை தமிழ்நாட்டில். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. வயதுவந்த இருவர் விருப்பத்துடன் கொள்ளும் உறவு சட்டப்படி குற்றமாகாது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு கூறும் முறைபிறழ் உறவு நீங்கலாக, என்றது தீர்ப்பு.

அந்த 497ஆம் பிரிவை மூலன்ஹார்ட் அளவையில் இட்டுப் பார்க்கலாம். பிறன் மனைவியுடன் அக்கணவனின் இசைவின்றி உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டுவரை சிறை. அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது, உடந்தை என்றும் கொள்ளப்படாள். கழித்துப் பார்த்தால் விடை எதிர்மறையாக வரும்: தலைகீழ் இரட்டை நீதி, பெண்ணுக்குச் சலுகை. ஆனால் கணவன் இசைந்தால் குற்றமே இல்லை. கணவன் வேறொருத்தியிடம் சென்றால் மனைவி புகார் கொடுக்கவும் வழியில்லை. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்பிரிவை நீக்கியபோது சொன்ன முதன்மைக் காரணங்களுள் ஒன்று, அது மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதுகிறது என்பது.